ஓப்பனிங் முடிந்த பிறகு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. இந்தச் சேர்வராயன் மலையானாலும் சரி, சென்னையானாலும் சரி, பிள்ளையைச் செஸ்ஸில் சேர்க்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஓப்பனிங் சொல்லித் தருவீங்க?" என்பதைத்தான். ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்கத்தின் நகர்வு வரிசை, பற்றிய இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுச் செஸ் மரபு ஒரே விடை சொன்னதில்லை.

1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரானவர் மானுவல் ஆரன். மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷையும் ஊல்மனையும் வீழ்த்தினார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972-இல் தொடங்கிய தால் செஸ் கிளப்புக்குப் பின்னாலும் அவரே இருந்தார். அங்கே பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் வென்றவர் அசையமாட்டார். தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போகவேண்டும். விஸ்வநாதன் ஆனந்தின் வேகம் பழகியது அந்த நாற்காலியில்தான். மனப்பாட வரிசை அங்கே நெடுநேரம் காப்பாற்றாது.

அதே ஆனந்த் 2008-இல் பான் நகரில் உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது வேறொரு பள்ளியின் மாணவர். காலமெல்லாம் ராஜாவின் சிப்பாயை முன்தள்ளி ஆடியவர், வெள்ளைக் காய்களில் ராணியின் சிப்பாயைத் தள்ளினார். கறுப்பில், மெரான் என்ற ஓப்பனிங் வகையில், 14-ஆவது நகர்வாக மந்திரியை பி7 கட்டத்தில் வைத்தார். வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த புதுமை அது. மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். ஐந்தாம் ஆட்டத்தில் அதையே மறுபடி ஆடி மறுபடி வென்றார்! பெற்றோர் மயங்குவது இந்த வித்தையில்தான். ஆனால் அதன் பின்னால் நீல்சன், காசிம்ஜானோவ், கங்குலி, வொய்த்தாஷெக் என்று ஒரு குழுவே உழைத்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் குழு ஏது?

இன்றைய பயிற்சியாளர்கள் வேறு பக்கம் அழுத்துகிறார்கள். ஆர். பி. ரமேஷின் செஸ் குருகுலத்தில் கணக்கிடும் திறனுக்குத்தான் முதலிடம். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அங்கே வளர்ந்தவர்கள். விஷ்ணு பிரசன்னாவோ, குகேஷை கிராண்ட்மாஸ்டர் தரம் எட்டும்வரை கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. பலன் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் தெரிந்தது. உலகப் பட்டப் போட்டியில் டிங் லிரனுடன் 14-ஆவது ஆட்டம். ஓப்பனிங் எப்போதோ சமநிலையில் கரைந்துபோயிருந்தது. யானையும் மந்திரியும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய பலகையில், டிரா என்று பலரும் முடிவுகட்டிய பிறகும் குகேஷ் தள்ளிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறாக வைத்தார். உலகப் பட்டம் 18 வயதுப் பையன் கைக்கு வந்தது.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: படித்த நகர்வுகள் தீர்ந்த இடத்தில் பிள்ளை என்ன செய்கிறது? ஏற்காட்டில் யாராவது கேட்டால், வெள்ளைக்கு இத்தாலியன் ஓப்பனிங், கறுப்புக்கு ஒன்றிரண்டு தற்காப்பு போதும் என்பேன். மிச்ச நேரத்தை யானை-சிப்பாய் இறுதியாட்டத்துக்குக் கொடுக்கலாம். அதற்கு ஒரு பலகை இருந்தால் போதும், மலையிறங்கவும் வேண்டாம்.