சுமை தூக்கும் கைனெசினும் பையில்லாத புரதமும்

உயிரியல் பயிலும் மாணவர்களில் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். நீண்ட குழாய் ஒன்றின்மேல் இரண்டு கால்களையுடைய ஓர் உருவம் நடந்து செல்கிறது. அதன் தலைக்கு மேலே, அதைவிடப் பன்மடங்கு பெரிய உருண்டைப் பை ஒன்று. அடிமேல் அடி வைத்து, சற்றும் தடுமாறாமல், பின்னணி இசையோடு அது போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ என்னும் நிறுவனம் 2006-ல் உருவாக்கிய ‘உயிரணுவின் உள்வாழ்வு’ என்ற இயங்குபடத்தில் வருவது அது. நடக்கும் உருவம் கைனெசின் என்னும் புரதம். குழாய், உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழல்.

அழகான படம்தான், மறுப்பதற்கில்லை. 1985-ல் கணவாயின் பெரிய நரம்பிழையில் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தை, இன்று பள்ளிச் சிறுவனும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறான். பாடநூல்களில் நூறு பக்கம் எழுதினாலும் இது நடந்திராது.

ஆனால் இந்தக் காட்சியைத் தனியே வெட்டி எடுத்து, ‘நரம்பணுவில் புரதங்கள் இப்படித்தான் போகின்றன’ என்று வகுப்பில் காட்டுகிறார்களே, அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. முதலாவதாக, அந்தப் படம் நரம்பணுவைப் பற்றியதே அன்று. அழற்சி கண்ட இடத்துக்கு ஒரு வெள்ளையணு வந்து சேர்வதே அதன் கதை. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கைனெசின் எந்த உயிரணுவிலும் கைனெசின்தானே!

அடுத்து, அந்த நடையைப் பாருங்கள். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு என்ற கணக்கெல்லாம் சரியே. ஆயினும், உயிரணுவுக்குள் படத்தில் தெரிவதுபோல் வெட்டவெளி கிடையாது. திருவிழாக் கூட்டம்போல் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. நாற்புறமும் அவை வந்து மோத, தூக்கிய கால் அங்குமிங்கும் தத்தளித்து அடுத்த பிடியைக் கண்டடைகிறது. ஏறத்தாழ நூறு அடி போனதும் கைனெசின் நுண்குழலை விட்டு நழுவிவிடுவதும் உண்டு. படத்தைச் செய்தவர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். நெரிசலைக் காட்டும் இன்னொரு படத்தைப் பிற்பாடு அவர்களே தயாரித்தார்கள். அது பழைய படத்தின் அளவுக்குப் புகழ் பெறவில்லை என்பது வேறு செய்தி.

எனக்குள்ள பெரிய குறை அந்தப் பையைப் பற்றியது.

நான் இருப்பது ஆரணியில். பட்டுக்குப் பெயர்போன ஆரணி அன்று. திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. இங்கிருந்து புதுவாயலுக்குப் போய் கொல்கத்தா நெடுஞ்சாலையில் நின்றால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளைக் காணலாம். கைனெசினைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த லாரியைத்தான் உவமையாகச் சொல்கிறார்கள். உவமை முழுத் தவறன்று. அமெரிக்காவில் ஹர்ட், சாக்ஸ்டன் என்ற இருவர் 1996-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பழ ஈயில் (அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சிற்றீதான்) கைனெசின் மரபணு பழுதுபட்டால், அதன் புழுவுடைய நரம்பிழைகளில் நுண்பைகளும் மைட்டோகாண்டிரியாக்களும் ஆங்காங்கே அடைத்துக்கொள்கின்றன, இழை புடைத்துவிடுகிறது. லாரிகள் நின்றுபோன சாலையேதான்! புழு ஊரும்போது வால்புறம் செயலிழந்து மேலே தூக்கிக்கொள்கிறது. வாலுக்குப் போகும் இழைதானே மிக நீளமானது?

இது வரையில் லாரி உதவுகிறது. இதற்கு மேல் உதவாது.

நரம்பணுவின் எல்லாப் புரதங்களும் பையில் ஏறிப் போவதில்லை. எத்தனையோ நொதிகள் உயிரணுச் சாற்றில் கரைந்தே இருக்கின்றன. கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் அவற்றுள் ஒன்று. அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளை ஆக்குவது அதுவே. அணுவின் உடற்பகுதியில் உருவாகும் இந்த நொதி, இழையின் நுனியில் போய்ச் சேர வேண்டும். பையும் இல்லை, மூட்டையும் இல்லை, யார் கொண்டுபோவது?

பழ ஈயில் கைனெசின்-2 என்ற மற்றொரு மோட்டார்ப் புரதம் பழுதானால் இந்த நொதி நுனிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை என்று 1999-ல் கிருஷாணு ராயும் அவருடன் அமெரிக்காவில் பணியாற்றியவர்களும் கண்டார்கள். பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ராயின் குழுவினர் அந்த நொதியோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து, புழுவின் நரம்பிழையில் அது போவதைக் கவனித்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில் மூன்று செய்திகள் உள்ளன. ஒன்று, நொதி துகள் துகளாகப் போகவில்லை. ஒட்டுமொத்தமாகப் பெருகி ஓடுகிறது. மற்றொன்று, அந்த ஓட்டம் எப்போதும் நடப்பதன்று. புழுப் பருவத்தில் சிறிது காலம் மட்டுமே நிகழ்கிறது. மூன்றாவது, நொதி அந்த மோட்டாரின் வால்பகுதியை நேரடியாகவே பற்றுகிறது. அந்தப் பிடி இல்லாவிட்டால் நொதி இழைக்குள் நுழைவதே இல்லை.

லாரியை விட்டு எங்கள் ஆரணியாற்றை நினைத்துப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணல். வடகிழக்குப் பருவமழை வந்தால் சில நாள் பெருக்கு. அந்தச் சில நாளில் பழவேற்காடு வரை நீர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அளவு, காலம் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள லாரியைவிட இது நெருங்கிய உவமை. ஆனால் ஆறு பள்ளத்தை நோக்கித் தானே ஓடும். நொதிக்கு மோட்டார் வேண்டும். ஆக, இந்த உவமையும் பாதி வழிதான் வருகிறது.

‘மூலக்கூறு எப்படிப் போனால் என்ன?’ என்று கேட்பீர்கள். நுண்பைகள் நாளுக்குச் சில நூறு மில்லிமீட்டர் போகக்கூடியவை. உங்கள் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் இழையைச் சில நாளில் கடந்துவிடும். ஆனால் நரம்பிழையிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி, நாளுக்கு ஒரு சில மில்லிமீட்டர் என்ற மெல்லிய வேகத்தில் போவது. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் எனில் பாதத்தை அடைய மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகும். படத்தில் காணும் நடை, சரக்கின் சிறுபகுதிக்கே பொருந்துகிறது. அதை முழுமை என்று நம்பிய மாணவனுக்கு, கரைந்த நொதி எப்படிப் போகிறது என்ற கேள்வியே எழாது.

ஹார்வர்டின் படத்தை அறிந்த அளவுக்கு மும்பையின் ஆய்வைத் தமிழ் மாணவர்கள் அறியவில்லை. டாட்டா நிலையத்தில் பழ ஈ ஆராய்ச்சி நேற்று முளைத்ததன்று. அங்கே 1962-ல் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திக்கியும் சீமோர் பென்சரும், சூடேறினால் முடங்கி விழும் ஈக்களைப் பற்றி 1976-லேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வழியில் வந்த பச்சை ஒளிப் பெருக்கில் பின்னணி இசை இல்லை. நடக்கும் கால்கள் இல்லை. ஆசிரியர்கள் கைனெசின் நடையைக் காட்டும் அதே வகுப்பில் அதையும் விளக்கலாம். ஐந்து நிமிடம் போதும்.

மனிதனில் கே.ஐ.எஃப்.5ஏ என்னும் கைனெசின் மரபணு பழுதானால் கால்கள் விறைத்து நடை தளரும் பரம்பரை நோய் வருகிறது. கைகளைவிடக் கால்களையே அது முதலில் தாக்குகிறது. வாலைத் தூக்கிக்கொண்ட அந்தப் புழுவை இப்போது மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.