வீட்டுக்கல்வி எனும் பெயரும் பிள்ளையின் பகற்பொழுதும்: திருப்பூரை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக்கு வெளியே வளரும் பிள்ளைகளைக் குறிக்க வீட்டுக்கல்வி, பள்ளியில்லாக் கல்வி, இடைநிற்றல், பள்ளி செல்லாமை முதலிய பெயர்கள் வழங்குகின்றன. பிள்ளை என்ன கற்கிறது என்பதைவிடப் பெற்றோரின் சமூக நிலையையே இப்பெயர்கள் மிகுதியும் சுட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. வீடே வேலைக்களமாகவும் அமையும் திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியைக் கொண்டு, நடப்பிலுள்ள சட்டங்கள் பிள்ளையின் பகற்பொழுதைக் காணத் தவறும் இடத்தை இது ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: வீட்டுக்கல்வி, குலக்கல்வி, கல்வி உரிமைச் சட்டம், குழந்தை உழைப்பு, திருப்பூர்

முன்னுரை

பள்ளியின் பிடியிலிருந்து சமூகத்தை விடுவிப்பது குறித்து இவான் இல்லிச் 1971இல் நூல் எழுதினார். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1977இல் பள்ளியின்றி வளரும் பிள்ளைகளுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். பாடத்திட்டத்தை வீட்டில் பின்பற்றுவோரிடமிருந்து, பிள்ளையின் ஆர்வத்தையே வழிகாட்டியாகக் கொள்வோரைப் பிரித்துக் காட்ட ‘அன்ஸ்கூலிங்’ என்னும் சொல் அவர் வழியே பரவியது. முன்னதை வீட்டுக்கல்வி என்றும் பின்னதைப் பள்ளியில்லாக் கல்வி என்றும் இங்குக் குறிப்போம்.

இக்குடும்பங்களை அரசு எவ்வளவு கண்காணிக்கலாம் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. பென்சில்வேனியாவில் பெற்றோர் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரிடம் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். பிள்ளையின் கற்றலை ஆண்டுதோறும் மதிப்பீட்டாளர் ஒருவர் பார்வையிட வேண்டும். டெக்சாசில் பதிவே தேவையில்லை. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். இவ்விவாதங்கள் பெரும்பாலும் வீடு வேறு, வேலைக்களம் வேறு என்னும் எடுகோளின்மேல் எழுந்தவை. திருப்பூரில் அவ்வெடுகோள் நிலைபெறுவதில்லை.

குலக்கல்வி என்னும் நினைவு

வீட்டில் கற்றல் என்பது தமிழ்நாட்டிற்குப் புதிய கருத்தன்று. சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி 1953இல் தொடக்கக் கல்வியை மாற்றியமைத்தார். அதன்படி ஊர்ப்புறப் பிள்ளைகள் நாள்தோறும் ஒருவேளை மட்டும் பள்ளியில் பயில்வர்; மறுவேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். அரசு இதனைச் சீர்திருத்தம் என்றது. பெரியாரும் பிற எதிர்ப்பாளர்களும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டனர். அப்பெயரே நிலைத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. வீட்டில் கற்றல் நன்றா தீதா என்பதற்குப் பொதுவான விடை இல்லை; எந்த வீடு, எந்தத் தொழில், மறுக்கப்படுவது எது என்பவற்றைப் பொறுத்தே விடை மாறும். மேலைநாட்டு நூல்களை ஆதாரம் காட்டி வீட்டுக்கல்வியைப் போற்றும் எழுத்துகள் 1953ஐ நினைவில் கொள்வது அரிது. குலக்கல்வியைக் கண்டிக்கும் எழுத்துகளோ, பள்ளியைத் தாமே விலக்கும் நடுத்தரக் குடும்பங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் காணும் பிள்ளை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10. ஆயினும் கடமை தவறும் பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அது ஏற்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. தில்லி உயர் நீதிமன்ற வழக்கொன்றில், விரும்பி வீட்டில் கற்பிப்போருக்கு இச்சட்டம் தடையன்று எனக் கூறும் வாக்குமூலத்தை அளித்த மத்திய அரசு, 2012இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த மௌனத்தின் நடுவே தேசியத் திறந்தநிலைப் பள்ளியும், தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பியோர் எழுதும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் வாயில்களாக உள்ளன. அவ்வாயில்களைத் தேடிச் செல்லும் விவரமும் வசதியும் சில குடும்பங்களுக்கே உண்டு.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆனால் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும், ஆபத்தில்லாக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று விலக்கும் அளிக்கிறது. பள்ளியில் பயிலும் பிள்ளை தகவலின்றி முப்பது நாள் தொடர்ந்து வராவிட்டால் தலைமையாசிரியர் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு விதி.

இங்கேதான் இடைவெளி தோன்றுகிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் ‘பள்ளி நேரத்திற்குப் பின்’ என்பது எப்பொழுது? எப்பதிவேட்டிலும் ஏறாத பிள்ளை வரவில்லை என்று தெரிவிக்க எந்தத் தலைமையாசிரியர் இருக்கிறார்? ஒரு சட்டம் பள்ளிச் சேர்க்கையை எண்ணுகிறது. மற்றொன்று பள்ளி மணியைக் கொண்டு உழைப்பை அளக்கிறது. சேர்க்கையும் மணியும் இல்லாத பகற்பொழுது இரண்டின் பார்வைக்கும் அப்பால் நழுவுகிறது.

திருப்பூர்: உழைப்பே பள்ளியான ஊர்

தொழிலாளராகத் தொடங்கி முதலாளிகளானோர் தம் ஏற்றத்திற்கு ‘உழைப்பை’க் காரணம் காட்டுவதைத் திருப்பூரை ஆராய்ந்த சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார். அக்கதையின் ஊர்வழக்கு வடிவில் படிப்பு இல்லாமையும் ஒரு பெருமை ஆகிறது. கைமடியாகச் சேர்ந்தவர் டெய்லராகி, பின் சொந்தமாகக் கம்பெனி வைத்தார் என்னும் சொல், எழுதப்படாத ஒரு பள்ளியில்லாக் கல்விக் கொள்கையே. வென்றவர்கள் சொல்லும் கதை இது. கைமடியாகவே நின்றுவிட்டவர்கள் இக்கதையில் இடம்பெறுவதில்லை.

பிசிறு வெட்டுதல், பனியன் வேஸ்ட் பிரித்தல் போன்றவை பீஸ் ரேட்டுக்கு வீட்டிலும் செய்யக்கூடிய வேலைகள். காலை பத்து மணிக்கு வீட்டில் கத்தரியுடன் அமர்ந்திருக்கும் பத்து வயதுப் பெண் கற்கிறாளா, உழைக்கிறாளா? தாய்க்கு உதவுகிறாள் என்றால் ‘குடும்பத் தொழில்’ என்னும் சொல் அவளை மறைத்துவிடும். அவளுடைய குடும்பம் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்ததாயின் பாடமொழியும் தடையாகும். இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் பொறுப்பு எனப் பிரிவு 9 கூறுவது இத்தகையோரைக் கருதியே.

பெயரிடும் அதிகாரம்

கல்லூரி கற்ற பெற்றோரின் பிள்ளை பள்ளிக்குச் செல்லாவிட்டால் அது மாற்றுக்கல்வி; வேன் ஓட்டுநரின் பிள்ளை செல்லாவிட்டால் அது இடைநிற்றல். முன்னது தெரிவு எனப்படுகிறது; பின்னது குறை எனப்படுகிறது. இரு பிள்ளைகளின் ஒரு நாளையும் அருகருகே வைத்துப் பார்க்காமலே இத்தீர்ப்பு வழங்கப்படுகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வீட்டின் அருகிலும் கற்றல் நிகழும் என்பதை ஏற்றது. அதுவும் மாலைநேரத் துணையாகவே அமைந்ததால் பகற்பொழுது பற்றிய வினா அப்படியே நின்றது.

கண்காணிப்பு வலுத்தால் ஏழை வீடுகளே முதலில் தட்டப்படும் என்னும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் இன்றும் பள்ளி செல்லாதோர் கணக்கெடுப்பு நாடிச் செல்வது லைன் வீடுகளையும் செங்கற்சூளைகளையுமே. ஒரே வினாவை எல்லா வீட்டிலும் கேட்பதே இச்சார்பைக் குறைக்கும் வழி.

முடிவுரை

பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பேணும் கடமை உள்ளாட்சிக்கு ஏற்கெனவே உண்டு. பள்ளியில் சேராத பிள்ளையின் பகற்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கொருமுறை பிள்ளையிடமே, அதன் தாய்மொழியில், ஆசிரியர் ஒருவர் உரையாட வேண்டும். பாடத்திட்டம் எது என்பதைப் பெற்றோருக்கு விட்டுவிடலாம். படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் பிள்ளை வளர்ந்துவருகிறதா என்பதை விட்டுவிட இயலாது. சேராப் பிள்ளைக்கும் அருகமைப் பள்ளியின் வேலை நேரமே ‘பள்ளி நேரம்’ என விதி தெளிவுபடுத்தினால், அந்நேரத்தில் வாங்கப்படும் உழைப்பு எப்பெயரிலும் ஒளிய முடியாது.

உண்மையாகவே வீட்டில் கற்பிக்கும் குடும்பத்திற்கு இதனால் இழப்பில்லை. இன்றைய சட்ட மௌனத்தைவிட உறுதியான இடமே கிடைக்கும். கத்தரி ஏந்திய பெண்ணுக்கோ, அவளுடைய பகல் யாருக்குரியது என்று முதன்முறையாக ஒருவர் கேட்டதாக ஆகும்.