ஒரே ஒரு கட்டம்

அமெரிக்காவில் பல கேளிக்கைப் பூங்காக்கள் வருடத்தில் ஒரு நாளை ‘பிசிக்ஸ் டே’ என்று பள்ளிகளுக்கு ஒதுக்குகின்றன. பசங்க பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கையில் ஸ்டாப்வாட்ச், நூலில் எடை தொங்கும் கோணமானி, பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருள்வில் வைத்த முடுக்கமானி, கூடவே ஒரு கேள்வித்தாள். இப்போது முடுக்கமானிக்குப் பதில் போனில் ஃபைஃபாக்ஸ் மாதிரி ஒரு செயலி போதும். இந்த நாள்மீது எனக்குப் புகார் கிடையாது. புகாரெல்லாம் அந்தத் தாள்மீதுதான். அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் இல்லையா? யாரிடம் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்று?

எனக்குப் பார்க்கக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சு. ‘கோபுரத்திலிருந்து இருக்கை விழும் நேரத்தை அளந்து, விழுந்த உயரத்தைக் கணக்கிடுக.’ பக்கத்தில் விடைக்கு ஒரே ஒரு கட்டம். ஒரு மாணவி 2 வினாடி என்று அளக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம், 19.6 மீட்டர். தோழிக்கு 2.2 வருகிறது, 23.7 மீட்டர். கட்டைவிரல் 0.2 வினாடி பிந்துவது சர்வசாதாரணம். ஆனால் சூத்திரத்தில் நேரத்தின் வர்க்கம் வருவதால் அந்தச் சின்னப் பிசகு உயரத்தில் ஒரு மாடி அளவுக்கு ஏறிவிடுகிறது. ரெண்டு பேரில் யார் சரி? இயற்பியல் இங்கேதான் ஆரம்பிக்குது. கட்டத்திலோ ஒரு எண்ணுக்குத்தான் இடம். பூங்காவின் பலகையில் போட்டிருக்கும் உயரத்துக்கு எது பக்கமோ அதை எழுதிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாள் விடையைத்தான் கேட்டது, அளவையை அல்ல.

போன் இதைச் சரிசெய்யவில்லை. சென்சார் தரவோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்: வினாடிக்கு நூறு தடவை அளக்கிற கருவி தண்டவாளத்தின் ஒவ்வொரு அதிர்வையும் பிடித்துவிடும். வரைபடத்தில் 6 ஜி என்று ஒரு முள் நிற்கும் (செல்போன் ஜி இல்லை, புவியீர்ப்பு ஜி). உடம்புக்கு அது தெரிந்தே இருக்காது. அரை வினாடிக்குச் சராசரி எடுத்தால் அந்த முள் காணாமல் போகலாம். எவ்வளவு நேரத்துக்குச் சராசரி என்பது மனிதர் எடுக்கும் முடிவு. ‘அதிகபட்ச ஜி எவ்வளவு?’ என்று மொட்டையாகக் கேட்கும் தாள் அந்த முடிவை மறைத்துவிடுகிறது.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மேசைமேல் சும்மா கிடக்கும் போனின் முடுக்கமானி 9.8 காட்டும். கைவிட்டால், விழும்போது சுழியம் காட்டும்! அது அளப்பது நம்மை எது எவ்வளவு தாங்குகிறது என்பதை. ‘எடையின்மை’யில் புவியீர்ப்பு எங்கேயும் போவதில்லை, இருக்கையின் தாங்கல்தான் போய்விடுகிறது. மொழியில் அக்கறை உள்ளவர்கள் நின்று பேசவேண்டிய இடம் இது. பல தாள்கள் நிற்பதேயில்லை.

வேறு மாதிரியும் கேட்கலாம். ஸ்வீடனில், கோத்தன்பர்க்கின் லிசெபெர்க் பூங்காவைப் பல வருடங்களாக வகுப்பறையாக்கி எழுதிவரும் இயற்பியலாளர் ஆன்-மரி பெண்ட்ரில். அவர் எழுப்பும் கேள்விகளில் ஒன்று சங்கிலி ராட்டினத்தைப் பற்றியது: சுற்றும்போது எது அதிகம் வெளியே சாயும், காலி ஊஞ்சலா, ஆள் உட்கார்ந்த ஊஞ்சலா? கருவி வேண்டாம், டிக்கெட்கூட வேண்டாம். முதலில் பந்தயம் கட்டு, பிறகு நிமிர்ந்து பார். குழந்தையோ அப்பாவோ காலியோ, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் பறக்கின்றன. நிறை ஏன் கணக்கிலிருந்து கழன்றுபோகிறது என்ற கேள்வி அப்போது பார்த்தவளுடைய கேள்வியாகிவிடுகிறது.

நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற ஆசிரியருக்குத் திருத்த எளிதான தாள் வேண்டும், புரிகிறது. ஆனால் ‘தடத்தின் வளையத்தை வட்டம் எனக் கொள்க’ என்ற வரியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முழு வட்டத்தில், உச்சியை மயிரிழையில் தாண்டும் வேகம் இருந்தால்கூட அடிவாரத்தில் எடை ஆறு மடங்காக அழுத்தும். அதனால்தான் 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் திறந்த ‘ரெவல்யூஷன்’ தடத்துக்கு வெர்னர் ஸ்டெங்கல் கண்ணீர்த்துளி வடிவத்தில் வளையம் அமைத்தார்: மேலே ஆரம் சிறிது, கீழே பெரிது. அப்படியொரு வளையத்தின் நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து, அதை வட்டம் என்று எழுதச் சொல்கிறோம். பதிலுக்கு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லலாம். அதன்மேல் உச்சியில் ஒரு வட்டம், அடியில் ஒரு வட்டம் வரைந்து, ரெண்டு ஆரத்தையும் ஒப்பிடச் சொல்லலாம். வரிசையில் நிற்கிற நேரத்திலேயே முடிகிற வேலை.