தலையாய பணி யாது? இராசாசியார் தீர்ப்பும் அதன் ஆராய்ச்சியும்

ஒருவர் தம் வாழ்நாளிற் செய்தன பலவற்றுள் இதுவே தலையாயது எனத் தாமே வரையறுத்துக் கூறுதல் எளிதன்று. பிறர் கூறுங்கால் பதவியும் புகழும் அளவுகோலாக வந்து நிற்கும். செய்தவரே கூறுங்கால் தற்பற்றுக் குறுக்கிடும். இவ்விரு குற்றமும் பெரும்பாலும் அணுகாத கூற்றொன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த சக்கரவர்த்தி இராசகோபாலாசாரியாருடையது. வியாசர் விருந்து, சக்கரவர்த்தித் திருமகன் என்னும் இரு நூல்களாற் பாரத இராமாயணக் கதைகளை மக்கட்குச் சொன்னதே தாம் செய்த தொண்டுகளிற் சிறந்தது என்பது அவர்தம் துணிபு.

அத்துணிபின் அருமையை அறிதற்கு, அவர் எவற்றை அதனின் கீழ் வைத்தார் என்பதனை நோக்குதல் வேண்டும். 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், அக்காலத்துச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த தொரப்பள்ளியிற் பிறந்த அவர், ஓசூரிற் பள்ளிக் கல்வியும் பெங்களூரிற் கல்லூரிக் கல்வியும் சென்னையிற் சட்டக் கல்வியும் பெற்றார். சேலத்தில் வழக்கறிஞராய்ப் பெரும்பொருள் ஈட்டினார். ஒத்துழையாமை இயக்கத்தின்கண் அத்தொழிலை உதறினார். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்துத் தலைமை அமைச்சர். 1948 சூன் முதல் 1950 சனவரி வரை இந்திய நாட்டின் தலைமை ஆளுநர். அவ்விருக்கையில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. 1952 முதல் 1954 வரை மீண்டும் சென்னையின் முதலமைச்சர். இவ்வளவும் ஒரு தட்டில். வார இதழில் எழுதிய கதைகள் மற்றொரு தட்டில். பின்னைய தட்டே கனத்தது என்றார் அவர்.

அற்றேல், பதவி நீங்கிய முதியோர் கையில் எஞ்சிய வேலையைப் பெரிதெனக் கூறி ஆறுதல் கொள்ளுதல் உலகியல்பன்றோ எனின், இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. பிள்ளைகள் பாதிப் பொழுது பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலிலும் பயில்க என்னும் கல்வித் திட்டத்தை 1953-இல் அவர் கொண்டுவந்தார். அதற்கு எழுந்த கடும் எதிர்ப்பின் பின் 1954-இல் முதலமைச்சர் பதவியினின்று விலகினார். அவ்வாண்டிலேயே கல்கி இதழிற் சக்கரவர்த்தித் திருமகன் வெளிவரத் தொடங்கியது. (அத்திட்டத்தை எதிர்த்தோர் பக்கத்து நியாயம் உண்டு. தந்தையின் தொழிலே மைந்தனுக்கு என்று வரைந்து கொடுக்க அரசுக்கு உரிமை யாதென்று அவர்கள் வினாவினர். அதற்குத் தக்க விடை வந்திலது.) ஆயினும், வியாசர் விருந்து தலைமை ஆளுநர் ஆவதற்கு முன்னரே எழுதப்பெற்றது. ஆதலின் கதை சொல்லும் வேட்கை தோல்வியிற் பிறந்ததென்றல் பொருந்தாது.

இனி வேறொரு தடை நிகழும். கதை சொல்லுதலே உயர்ந்ததென்று கண்டாராயின், வியாசர் விருந்தை முடித்தபின் மீண்டும் மீண்டும் ஆட்சிக்கண் புகுந்தது என்னை? ஈண்டுச் சேக்கிழார் பெருமானை நினைத்தல் தகும். உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டத்துடன் அநபாய சோழனிடத்து அமைச்சுரிமை பூண்டிருந்தவர் அவர். அரசன் சிந்தாமணிக் கதையிற் களிப்புற்றிருத்தலைக் கண்டு தொண்டர் வரலாற்றை எடுத்துரைத்து, பின் தில்லையை அடைந்து திருத்தொண்டர் புராணம் பாடினார் என்பது உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணத்தாற் பெறப்படுவது. பாடிய பின் அவர் அமைச்சுக்கு மீளவில்லை. முன்னரே துணிந்து ஒன்றனை விடுதல் வேறு. எல்லாம் செய்து முடித்தபின் நிறுத்துப் பார்த்தல் வேறு. தொரப்பள்ளியார் செய்தது இரண்டாவது. அவ்வளவில் அவர் தீர்ப்பு ஒரு படி தாழ்ந்ததே.

எனினும் அத்தீர்ப்பின் உள்ளீடு நுணுகி நோக்கத்தக்கது. ஆட்சியிற் செய்தன யாவும் அவர் பெயரால் நின்றன. புகழும் அவருக்கு, பழியும் அவருக்கு. கதைகளோ வியாசருடையனவும் வான்மீகியுடையனவும் ஆம். தம்முடையது என்று சொல்லிக்கொள்ளுதற்கு மிகக் குறைந்த இடமுள்ள பணியையே அவர் மேலாகக் கொண்டார். சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலை இதனோடு ஒன்றாக்கிக் கூறுதல் மிகையாம். ஏனெனின் ஆண்டு நீங்கவேண்டுவது 'யான் செய்தேன்' என்னும் எண்ணம். ஈண்டு 'யான் செய்தவற்றுட் சிறந்தது' என்னும் எண்ணம் எஞ்சியே நிற்கின்றது. ஆயினும் அந்நெறியை நோக்கிய முகம் இதுவே எனலாம்.

நூல்களுள்ளும் அவ்வெச்சத்தைக் காணலாம். நடை எளிது, தொடர்கள் சிறியன, பாட்டியர் திண்ணையிற் கூறும் கதைபோல ஓடுவன. கம்பர் வான்மீகியினின்று வேறுபடும் இடங்களை எடுத்துக் காட்டும்போது நூலாசிரியர் நல்ல மாணாக்கராய் அடங்கி நிற்கின்றார். உத்தரகாண்டத்தினை அணுகும்போது அவ்வடக்கம் நீங்குகின்றது. முடிசூட்டோடு கதையை நிறுத்தி, சீதையைக் காட்டுக்குப் போக்கிய செய்தியைத் தம் உள்ளம் ஏற்றிலது என வெளிப்படையாகக் கூறுகின்றார். பிறர் கதைக்குத் தம்மை ஒப்புவித்தவர் கதையின் எல்லையைத் தம் உள்ளத்தால் அளந்தார் என்க. மூலநூல் வழாமை வேண்டுவார் இதனைக் குற்றம் என்பர். அவ்வாறு விட்டதனை மறையாது உரைத்தமையால் அக்குற்றம் பெரிதும் தணிகின்றது.

இனி, வாயாற் கூறிய தீர்ப்பு ஒன்று. காலாற் காட்டிய தீர்ப்பு மற்றொன்று. 1937 அக்டோபர்த் திங்கள் முதல்நாள், சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதற் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. இன்று கிருட்டிணகிரி மாவட்டத்திலுள்ள ஓசூரும் கிருட்டிணகிரியும் அன்று அதனுள் அடங்கியவை. ஓசூருக்கு மேற்கே சில கல் கடந்தால் மைசூர் நாடு. இவ்வாணை அங்குச் செல்லாது. எல்லையிற் கிடந்த தம் பிறந்த மண்ணையே முதற்கண் தேர்ந்தார் என்பது கருதத்தக்கது. கள் வருவாயின் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதித்து அதனால் வந்த வெறுப்பையும் ஏற்றார். பின்னர் 1971-இல் அம்மதுவிலக்கைத் தளர்த்த அரசு முற்பட்டபோது, தொண்ணூற்றிரண்டு வயதினரான அவர் அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதியாரின் இல்லத்துக்குத் தாமே சென்று, அது வேண்டா என்று கேட்டுக்கொண்டார். கேட்டது நிறைவேறவில்லை. தம் நூல்களின் பொருட்டு அவர் எவர் வாயிலுக்கும் அவ்வாறு சென்றதாகச் செய்தி இல்லை.

அங்ஙனமாயின் கூற்றும் செயலும் முரணுமோ எனின், முரணா. இரண்டும் ஒரே வீட்டை நோக்கிச் செய்யப்பட்டன. இன்று ஓசூர் சிப்காட்டில் வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகளில் முறைவேலை முடித்துச் சந்திரசூடேசுவரர் மலையின் அடியிலுள்ள தெருக்களுக்குத் திரும்புவோர்க்கும் அவ்வீடு புதியதன்று: கூலி நாள், இருட்டும் பொழுது, வாயிலை நோக்கி நிற்கும் மனைவி, உறங்காத பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய்க்கும் விளங்கவேண்டும் என்று பாரதத்தை எளிமைப்படுத்தியவர், அக்கதையைக் கேட்க அவள் கணவன் தெளிந்த மதியோடு வீட்டில் இருத்தல் வேண்டும் என்பதனை 1937-இலேயே அறிந்திருந்தார். முதல் நூலின் முன் நிற்கவேண்டிய இத்தொடர்பை அவர் எழுதி வைக்காமையே அத்தீர்ப்பிலுள்ள குறை.