கொள்ளையிலே போவான்

"கொள்ளையில போவான்" என்று ஒருமுறையேனும் திட்டாத பெண் எங்கள் தெருவில் இருந்ததில்லை. "பேதியில போறவன்", "கழிச்சல்ல போறவன்" என்று ஊருக்கு ஊர் அதற்கு வடிவம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோழிகளும் இதே கொள்ளையைக் கூப்பிட்டுத்தான் திட்டுகிறார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன், பங்கு பிரித்துத் தர மறுக்கிற கொழுந்தன், வட்டிக்கு வட்டி கேட்டு வாசலில் நிற்கிறவன் என இவர்களுக்கு எதிராக வேறு ஆயுதம் கையில் இல்லாதவர்கள் கொள்ளைநோயைத் துணைக்கு அழைத்தார்கள். தமிழ் இலக்கணம் படித்தவள் என்பதால் எனக்கு அந்த வினைமுற்றின்மேல் கண் போகிறது. போவான் என்பது ஆண்பால், ஒருமை. நோய் வர வேண்டும், அவனை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நோய்க்கு ஒருமை தெரியாது என்பது திட்டியவர்களுக்கும் தெரியும். வந்தால் அது பலர்பாலில்தான் வரும், திட்டியவளின் பிள்ளையையும் சேர்த்து.

பெருநோய்க் காலத்தில் நிகழும் சரித்திரக் காதல் கதைகளை வாசிக்கும்போதெல்லாம் இந்த ஆண்பால் ஒருமை எனக்கு நினைவு வருகிறது. அந்தக் கதைகளில் நோய் பெரும்பாலும் வசவுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. தடையாக இருந்த தகப்பன் சாகிறான், பிடிக்காத கணவன் சாகிறான், துரத்திய வில்லன் சாகிறான். காதலர்கள் இருவரும் பிணங்களுக்கு நடுவே ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். நாவலாசிரியர் தன் கையால் அவிழ்க்க வேண்டிய முடிச்சை நோய் வெட்டிவிடுகிறது.

2020க்குப் பிறகு என் மாணவிகளில் சிலர் இந்த வகைக் கதைகளை எழுதத் தொடங்கினார்கள். அது நல்லதுதான். தமிழில் சரித்திரக் காதல் என்றால் கல்கி, சாண்டில்யன் என்று போரும் சதியும் கடலும் நிறைந்த ஒரு பாதையே நம்முன் கிடக்கிறது. நோய் அங்கே வராமல் இல்லை. பொன்னியின் செல்வனில் அருள்மொழிக்குக் காய்ச்சல் காண்கிறது, நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் பிக்குகள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது ஓர் இளவரசனின் காய்ச்சல். ஊரே படுத்துக்கொள்ளும் காலத்தை எழுத ஒரு பெண் பேனா எடுக்கிறாள் என்றால் எனக்கு மகிழ்ச்சியே. ஒரு மாணவியின் கதையில் மூன்றாம் பக்கத்திலேயே நாயகியின் கணவன் நோயில் செத்துப்போனான். நான்காம் பக்கத்தில் மருத்துவன் வந்துவிட்டான். "அவனுக்கு யார் வாய்ல தண்ணி ஊத்துனா? யார் துணி அலசுனா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் எழுதுனா காதல் எங்க வரும், மேம்?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சில நாவல்களைத் திரும்ப வாசித்தேன்.

முதலில் அலெஸ்ஸான்ட்ரோ மான்சோனியின் 'நிச்சயிக்கப்பட்டவர்கள்'. 1827இல் வெளிவந்து, பிறகு ஆசிரியராலேயே திருத்தப்பட்ட இத்தாலிய நாவல். கதை நடப்பது 1628 முதல் 1630 வரை, ஸ்பானிய ஆட்சிக்குக் கீழிருந்த மிலான் பகுதியில். ரென்சோவும் லூசியாவும் பட்டுத் தொழில் செய்யும் ஏழைகள். தொன் ரொத்ரிகோ என்ற பிரபு லூசியாவின் மேல் கண்வைத்து, கல்யாணத்தை நடத்தக் கூடாதென்று ஊர்ப் பாதிரியாரை மிரட்டுகிறான். பல நூறு பக்கங்கள் கழித்துப் பிளேக் வருகிறது, ரொத்ரிகோ சாகிறான், கல்யாணம் நடக்கிறது. அந்தச் செய்தி கேட்டதும் கோழையான பாதிரியார் தொன் அப்போந்தியோவுக்கு உண்டாகும் நிம்மதியை மான்சோனி மறக்க முடியாதபடி எழுதுகிறார். பிளேக்கை அவர் துடைப்பத்தோடு ஒப்பிடுகிறார். ஊரைக் கூட்டிச் சுத்தமாக்கிவிட்டதாம்.

மான்சோனி அந்த ஒப்பீட்டைப் பாதிரியாரின் வாயில் வைத்தது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். கதையின் வசதியை எண்ணி அவரே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கிறார். ஏனென்றால் அவருடைய பிளேக் வேறு யாரையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். காதலர்களைக் காப்பாற்றிய துறவி கிறிஸ்தோஃபொரோ சாகிறார். பாதிரியாரின் வேலைக்காரி பெர்பெத்துவா சாகிறாள். இந்தப் பெர்பெத்துவா நாவல் முழுக்க அவருக்குச் சமைத்துப்போட்டு, அவருடைய பயத்தைச் சகித்து, அவரைவிடத் தெளிவான யோசனைகளைச் சொன்னவள். இன்று இத்தாலிய மொழியில் பாதிரியார் வீட்டு வேலைக்காரி எவளுக்கும் 'பெர்பெத்துவா' என்பதே பொதுப்பெயர். துடைப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர் பாதிரியார். அந்த வீட்டில் துடைப்பம் பிடித்தவளோ நோயில் போய்விட்டாள். பிளேக் முடிந்த பிறகு அவருக்கு யார் சமைத்தார்கள் என்பது எந்தக் காதல் கதையின் கவலையும் அல்ல.

வேலைக்காரிகளைத் தேடத் தொடங்கினால் அவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பொக்காச்சியோவின் 'டெக்கமரான்' என்றதும் நமக்கு நினைவு வருவது 1348இன் ஃபுளோரன்ஸ் பிளேக்கிலிருந்து தப்பி, நாட்டுப்புற மாளிகையில் கதை சொல்லும் ஏழு பெண்களும் மூன்று ஆண்களும். அவர்களோடு நான்கு பணிப்பெண்களும் மூன்று பணியாட்களும் போனார்கள். ஆறாம் நாள் சமையற்கட்டிலிருந்து லிசிஸ்கா என்ற பணிப்பெண் சத்தம்போட்டுக்கொண்டு வந்து, கல்யாணத்துக்குப் போகிற பெண்களின் கன்னிமை குறித்து உரக்க ஓர் அபிப்பிராயம் சொல்லிச் சபையைச் சிரிக்கவைக்கிறாள். பிறகு அவளைச் சமையற்கட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இனி ஈம். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைக் கிராமம். தமிழ்க் காதுக்கு ஈமக்கடன் நினைவு வந்தால் அது தற்செயல்தான். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து வந்த துணியோடு அந்த ஊருக்குப் பிளேக் வந்தது என்பது மரபுச் செய்தி. அடுத்த கோடையில், வில்லியம் மாம்ப்பெசன் என்ற பாதிரியாரின் வழிகாட்டலில், நோய் வெளியே பரவாதிருக்க ஊரார் எல்லைக்குள்ளேயே தங்கிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 260 பேர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. பாதிரியாரின் மனைவி கேதரின் 1666 ஆகஸ்டில் இறந்தார்.

இந்த ஊர் உலகத்துக்குத் தந்த காதல் கதை எம்மட், ரோலண்ட் கதை. அவள் ஈம் ஊர்ப் பெண், அவன் பக்கத்து ஊர்க்காரன். பள்ளத்தாக்கின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அவள் வரவில்லை. தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் இருவரும் இருக்கிறார்கள். அதே 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹேன்காக் என்பவள் எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். அவளை வைத்து யாரும் காதல் கதை எழுதுவதில்லை. அவளுக்கும் அந்தக் கணவனுக்கும் இடையே என்ன இருந்தது என்று கேட்கக்கூடத் தோன்றுவதில்லை. ஏழு குழி வெட்டிய கை காதலின் கை ஆகாது என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

ஜெரால்டின் புரூக்ஸ் 2001இல் எழுதிய 'அற்புதங்களின் ஆண்டு' ஈமைப் பற்றிய நாவல். அது பிறந்த இடம் எனக்குப் பிடிக்கும். மாம்ப்பெசன் அந்த ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றில் தன் வேலைக்காரி நோய்ப்படாமல் இருந்ததைக் கடவுளின் கொடையாகக் குறிப்பிடுகிறார். அவளும் விழுந்திருந்தால் தன் பாடு திண்டாட்டமாகியிருக்கும் என்கிறார். அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. அவள் உயிரோடிருந்தது அவருக்கு வசதி என்ற அளவில் அவள் சரித்திரத்துக்குள் வந்தாள். அந்தப் பெயரில்லாதவளுக்கு அன்னா என்று பெயர் வைத்து, முழுக் கதையையும் அவள் வாயால் சொல்லவைக்கிறார் புரூக்ஸ்.

நாவலின் தொடக்கத்தில் அன்னா இளம் விதவை, இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். வீட்டில் குடியிருக்க வந்த தையற்காரன் அவளிடம் அன்பு காட்டுகிறான், அவளுக்கென்று ஓர் அழகான உடுப்புத் தைத்துத் தருகிறான். அவனுக்கு வந்த லண்டன் துணியில்தான் நோய் இருந்தது. சாதாரணக் காதல் நாவலில் அந்த உடுப்பு கடைசி அத்தியாயத்தில் திரும்ப வரும். இங்கே தையற்காரனும் போகிறான், இரண்டு பிள்ளைகளும் போகிறார்கள். வசவு கேட்ட ஒருவன் அல்ல, பலர். அவளுக்குத் தடையாக இருந்தவர் யாரும் சாகவில்லை. அவள் நேசித்தவர்கள்தான் சாகிறார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கூடுவது வேலை. மூலிகை அறிந்த இரண்டு பெண்களைச் சூனியக்காரிகள் என்று ஊரே அடித்துக் கொன்ற பிறகு, அவர்களுடைய தோட்டத்துச் செடிகளை அன்னாவும் பாதிரியாரின் மனைவி எலினரும் எடுத்துக்கொள்கிறார்கள். பிரசவம் பார்க்கிறார்கள். அநாதையாகிவிட்ட ஒரு சிறுமியின் ஈயச் சுரங்க உரிமை பறிபோகாதிருக்க இருவரும் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை உடைக்கிறார்கள். வேலைக்காரிக்கு எழுத்தறிவித்தவளும் எலினர்தான். இந்த நாவலின் காதல் இவர்கள் இருவருக்கும் இடையில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. உடல் சார்ந்த காதல் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நாவல் மறுக்காது. எசமானிக்கும் வேலைக்காரிக்கும் நடுவிலிருந்த தூரம் அழுக்குத் துணிக்கும் குழந்தைப்பேற்றின் இரத்தத்துக்கும் இடையில் குறைந்துகொண்டே வருவதைப் புரூக்ஸ் பொறுமையாக எழுதுகிறார். என் மாணவியின் கேள்விக்கு முதல் பதில் அங்கே கிடைத்தது. துணி அலசும் பக்கங்களில்தான் அந்தக் காதல் வருகிறது.

ஆனால் வகைமையின் பழக்கம் வலியது. உண்மைக் கேதரின் பிளேக்கில் இறந்தாள். நாவலின் எலினரோ நோய் ஓய்ந்தபின், நன்றி வழிபாட்டில், பித்துப்பிடித்த ஒருத்தியின் கத்தியால் சாகிறாள். நோய் செய்யாத வேலையைக் கத்தி செய்கிறது. மனைவி நகர்ந்தாயிற்று, பாதிரியாரும் அன்னாவும் சேரலாம் என்று வாசகி எதிர்பார்க்கும் இடம் இது. அவர்கள் சேரவும் செய்கிறார்கள். அப்போதுதான் தெரிகிறது, எலினரின் இளவயதுப் பிழைக்குத் தண்டனையாக அந்தப் புனிதர் தன் மனைவியை ஒருநாளும் தீண்டவில்லை என்பது. அவளை ஆசைப்படவைத்தே மறுத்திருக்கிறார். அன்னா அருவருத்து ஓடுகிறாள். பரிசாகக் காட்டப்பட்ட ஆணை வகைமையே திருப்பிப் பார்க்கும் இந்த இடத்துக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம், கடைசியில் அவளைக் கப்பலேற்றி ஓரான் நகரத்து மருத்துவர் ஒருவரின் அந்தப்புரத்தில் பெயருக்கு மனைவியாக்கி மருத்துவம் படிக்கவைக்கும் அவசர முடிவைத் தவிர. ஐரோப்பியப் பெண்ணுக்கு வழி தெரியாதபோதெல்லாம் ஒரு கீழைத்தேசம் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

மிஞ்சியவர்களுக்கு விடுதலை கிடைத்தது என்ற கற்பனைக்குச் சரித்திரமும் அதிகம் இடம் தருவதில்லை. கறுப்பு மரணம் இங்கிலாந்தைச் சூறையாடிக்கொண்டிருந்த 1349லேயே ஓர் அரசாணை வந்தது. அறுபது வயதுக்குட்பட்ட, சொந்தப் பிழைப்பு வழி இல்லாத ஆணோ பெண்ணோ யாராயினும், கூப்பிட்டவருக்குப் பழைய கூலிக்கே வேலை செய்தாக வேண்டும் என்றது அது. பெண் என்று தனியாகச் சொல்லியே சேர்த்தார்கள்.

அதே 1349இல் பிளேக் நார்வேக்கும் போனது. சீக்ரிட் உன்செட் 1920 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட 'கிறிஸ்தின் லாவ்ரன்ஸின் மகள்' நாவலில் அது கடைசியில்தான் வருகிறது. அதற்குள் காதல் எல்லாம் முடிந்துவிட்டது. தகப்பன் சொல்லை மீறி எர்லெண்டை விரும்பி மணந்து, பிள்ளைகள் பெற்று, சண்டையிட்டு, பிரிந்து, அவனைப் பறிகொடுத்து, முதுமையில் கன்னியர் மடத்தில் வந்து ஒதுங்கியிருக்கிறாள் கிறிஸ்தின். நோய் வந்து அகற்ற அவளுக்கு எந்தத் தடையும் மிச்சமில்லை. நோயைத் தணிக்க ஒரு சிறுவனை உயிரோடு புதைத்துப் பலி கொடுக்க ஆண்கள் முனைகிறார்கள். ஏழைப்பெண் ஒருத்தியின் மகன் அவன், கேட்க ஆளில்லாதவன். கிறிஸ்தினும் மடத்துப் பெண்களும் போய்த் தடுக்கிறார்கள். அந்தப் பையனின் தாய் குடிசையில் செத்துக் கிடக்கிறாள், யாரும் கிட்டே போகவில்லை. இரவோடிரவாகப் போய்க் கிறிஸ்தின் அந்தப் பிணத்தைத் தூக்கி வருகிறாள். நோய் அவளைத் தொற்றுகிறது.

அந்தத் தாயின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கக் காசு வேண்டும். சாகக் கிடக்கும் கிறிஸ்தின் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். இத்தனை ஆண்டு கிடந்ததில், மோதிரத்தில் பொறித்திருந்த எழுத்து விரல் தோலில் பதிந்து தெரிகிறது.