இலவச இணைப்பு

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் போனை எடுத்து, அதில் இருக்கும் செயலிகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். வாட்ஸ்அப், வங்கி, சாப்பாடு வரவழைப்பது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். அலாரம், குறிப்பேடு, போட்டோ பார்ப்பது, பாட்டு கேட்பது என்று சில்லறைச் சாமான்கள் நாலைந்து மிஞ்சும். அதில் ஏதாவது ஒன்றை எழுதியவர் பெயர் தெரியுமா? காசு கொடுத்தீர்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் நீங்களும் நம்ம கட்சி.

பத்திரிகையோடு ஷாம்பு பொட்டலம் இலவச இணைப்பாக வந்தால், கம்பெனிக்காரன் வலை போடுகிறான் என்று புரிந்துகொண்டுதான் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறோம். இலவசச் செயலிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். இன்னொரு ரகமும் உண்டு. பகலில் எங்கோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீடு அடங்கியபின் ஒருத்தர் லாப்டாப்பைத் திறக்கிறார். தனக்கு வேண்டியபடி ஒரு அலாரம் கிடைக்கவில்லை என்று தானே எழுதுகிறார். 'நாலு பேருக்கும் பயன்படட்டுமே' என்று ஊருக்குக் கொடுத்துவிடுகிறார். விளம்பரம் கிடையாது. சிலர் நிரலையும் சேர்த்தே கொடுப்பார்கள். பாருங்கள், மாற்றுங்கள், பிறருக்கும் கொடுங்கள்.

இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே வார்த்தை. ரிச்சர்ட் ஸ்டால்மன் வருஷக்கணக்காக மேடைமேடையாக விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. அது இலவசம். இது கட்டற்றது. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தடுமாறிய நாட்களில் 'தமிழா' குழுவினர் சும்மா கொடுத்த இ-கலப்பையும் இந்த இரண்டாவது ரகத்து மனசிலிருந்து வந்ததுதான்.

சினிமாவுக்கு விமரிசனம் உண்டு, நாவலுக்கு உண்டு, ஓட்டல் சாம்பாருக்குக்கூட உண்டு. ராத்திரி நேரத்துச் செயலிகளை யாரும் உட்கார்ந்து விமரிசிப்பதில்லை. நட்சத்திரம் குத்திவிட்டுப் போய்விடுகிறோம். இன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

சிம்பிள் கேலரி. ஸ்லோவாக்கியாக்காரரான திபோர் கபுதா ஆரம்பித்த 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்' என்ற குடும்பத்தில் ஒரு பிள்ளை. கூடவே காலண்டர், தொடர்புகள், கோப்பு மேலாளர், குரல்பதிவு என்று ஒரு டஜனுக்கு மேல் உடன்பிறப்புகள். நிரல் அத்தனையும் கட்டற்ற உரிமத்தில் வெளிப்படையாக இருந்தது.

பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். தாலுகா ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கும். ஆனால் திறந்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது திரை வெளிச்சம் முழுசாக ஏறவேண்டுமா, அழித்த படம் குப்பைக்கூடையில் கொஞ்ச நாள் கிடக்க வேண்டுமா, சில ஃபோல்டர்களை மாமியார் கண்ணில் படாமல் மறைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் செட்டிங்ஸில் ஒரு பெட்டி உண்டு. அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தால் ஒவ்வொரு பெட்டியும் எங்கிருந்தோ யாரோ எழுதிய ஒரு கடிதம் போலத் தோன்றும். 'சார், இருட்டில் பார்க்க முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள்.' செய்திருக்கிறார்.

இதைவிட முக்கியமான அழகு, அது கேட்காத ஒன்றில் இருந்தது. இணைய அனுமதி. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி தனக்கு இணையம் வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துகொள்ளவில்லை என்றால் அதனால் வெளியே ஒரு பைட் அனுப்ப முடியாது. விளம்பரம் வரவழைக்கவும் முடியாது. பேரன் பிறந்தநாள் போட்டோவைப் பார்க்க எதற்கு இன்டர்நெட்? இந்த எளிய கேள்வியைப் பெரிய கம்பெனிகள் கேட்டுக்கொள்வதே இல்லை. சிம்பிள் கேலரி கேட்டுக்கொண்டது. என் கணக்கில் இதற்கே ஐந்து நட்சத்திரம்.

2023 கடைசியில், செயலிகளை வாங்கி நடத்துவதே தொழிலான ஸிப்போஆப்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்துக்கு இந்தக் குடும்பம் மொத்தமும் விற்கப்பட்டது. நிரல் எழுதுகிறவர்கள் புழங்கும் கிட்ஹப் பக்கம் எட்டிப் பார்க்கும் வழக்கமுள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. இனி விளம்பரம் வரும், சந்தா வரும் என்று ஒரே அலறல்.

கொஞ்சம் யோசியுங்கள். நிரல் ஏற்கெனவே சும்மா கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் காசு கொடுத்து என்னத்தை வாங்கினார்கள்?

நம்மை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. எழுதியவர் அந்தச் சாவியால் முத்திரை குத்தித்தான் வெளியிடுவார். அடுத்த பதிப்பு வரும்போது போன் சரிபார்ப்பது முத்திரையைத்தான். முத்திரை ஒன்றாக இருந்தால் 'நம்ம ஆள்தான்' என்று கதவைத் திறந்துவிடும். பாதி நாள் நீங்கள் தூங்கும்போதே அப்டேட் நடந்து முடிந்திருக்கும். சாவி கைமாறினால் போனுக்குத் தெரியாது. செயலிக் கடையும் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவதில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ராத்திரி நுழைய ஒரு சாவி. விலை பேசப்பட்டது அதற்குத்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் ஒரு பழைய கேஸ். ஒரு கோடிக்கு மேல் இறக்கப்பட்ட ஒரு பார்கோடு ஸ்கேனர் வருஷக்கணக்காகச் சாதுவாக வேலை செய்துகொண்டிருந்தது. 2020 டிசம்பரில் ஒரு அப்டேட். அன்றிலிருந்து போன் தன்பாட்டுக்கு விளம்பரப் பக்கங்களைத் திறக்க ஆரம்பித்தது. 2021 பிப்ரவரியில் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது. கூகுள் கடையிலிருந்து தூக்கிவிட்டது. போனில் ஏற்கெனவே இருந்தவை? அவரவர்தான் தேடி அழிக்க வேண்டியிருந்தது. பல வருஷம் பழகியதை யார் சந்தேகப்படுவார்கள்!

சிம்பிள் கதையில் ஒரு ஆறுதல். அதில் பங்களித்து வந்த ஒருவர் கட்டற்ற நிரலை அப்படியே எடுத்து 'ஃபாசிஃபை' என்ற புதுப் பெயரில் தொடர்ந்தார். அதே கேலரி, அதே பீரோ. ஆனால் சாவி வேறு. அதனால் பழைய செயலியின் இடத்தில் தானாக வந்து உட்கார முடியாது. நீங்களாகத் தேடிப் போய் இறக்க வேண்டும். எத்தனை பேர் போவார்கள்? எஃப்-டிராய்டு என்று கட்டற்ற செயலிகளுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. அங்கே நிரலைக் கடைக்காரர்களே வாங்கிச் சமைத்துப் பெரும்பாலும் தங்கள் சாவியாலேயே முத்திரை குத்துவார்கள். அங்கே வாங்கியவர்களின் போனுக்குள் புது முதலாளியின் சாவி நுழையாது.

இப்போது விற்றவரைத் திட்டலாமா? எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு நிரல் எழுதும் அந்த ஆளின் தபால்பெட்டியை நினைத்துப் பாருங்கள். 'வேஸ்ட். அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்.' ஒரு நட்சத்திரம். என்ன கோளாறு, எந்த போன், ஒன்றும் கிடையாது. சில கம்பெனி போன்கள் பாட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். அலாரம் அடிக்காது. ரயில் போய்விடும். வசவு போனைச் செய்தவனுக்குப் போகாது, அலாரத்தை எழுதியவருக்குத்தான். அவர் வீட்டில் அந்த போனே இருக்காது. இரவல் வாங்கிச் சோதிக்க வேண்டும்.

கடைக்காரர்களின் சட்டதிட்டம் தனி. ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் செயலி கடையிலிருந்து மறையும். சும்மா கொடுப்பதற்கு வருஷ வாடகை! கூகுளில் ஒரே தடவை 25 டாலர்தான். ஆனால் 2023 நவம்பரில் ஒரு விதி போட்டார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபர் 20 பேரைப் பிடித்து, தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதிக்க வைத்த பிறகுதான் வெளியிடலாம். கல்யாணத்துக்குக்கூட இருபது பேரைப் பதினாலு நாள் கட்டிப்போட முடியாது. 2024 டிசம்பரில் மனமிரங்கி 12 பேர் போதும் என்றார்கள். மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான் விதி, நியாயம்தான். மோசடிக்காரன் பன்னிரண்டு பேரை விலைக்கு வாங்குவான். ராத்திரி எழுதுகிறவர் மச்சினனிடம் கெஞ்ச வேண்டும்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கோப்புகளைத் தானாக அனுப்பும் சிங்திங் என்ற செயலி இருந்தது. பிரமாதமானது. அதன் ஆண்ட்ராய்டு பதிப்பை நிறுத்தப் போவதாக 2024 அக்டோபரில் அதைக் கவனித்து வந்தவர் அறிவித்தார். கூகுள் கடையில் வெளியிடுவது அநேகமாக முடியாத காரியம் ஆகிவிட்டது, பராமரிக்கவும் ஆள் இல்லை என்பதே காரணம். விற்கவில்லை, கடையைச் சாத்திவிட்டார். இதுவும் ஒரு வழி.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹனோயில் டாங் நுயென் என்று ஒரு இளைஞர். அப்பா அம்மா வீட்டில் வாசம். பகலில் டாக்சிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் கருவிகளுக்கு நிரல் எழுதும் வேலை. லீவு நாட்களில் சில தினங்களில் ஒரு விளையாட்டை எழுதி 2013 மே மாதம் வெளியிட்டார். ஃப்ளாப்பி பேர்ட். தட்டினால் பறவை மேலே போகும், விட்டால் விழும், பச்சைக் குழாயில் இடித்தால் ஆட்டம் க்ளோஸ். கலைநயம் பார்த்தால் பாஸ்மார்க் போடலாம். ஆனால் அந்தக் குழாய் இடைவெளியின் கொடூரமான கச்சிதம் இருக்கிறதே, அதற்குத் தனி மார்க். எட்டு மாதம் யாரும் சீந்தவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று உலகமெல்லாம் முதலிடம். விளம்பரத்தில் நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று ஒரு பேட்டியில் சொன்னார். கூடவே வசவு, பத்திரிகைக்காரர்கள், திருடினாயா என்ற விசாரணை.

2014 பிப்ரவரியில் 22 மணி நேரம் கெடு சொல்லிவிட்டு விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். தன் எளிய வாழ்க்கையை அது கெடுத்துவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். விளையாட்டு இருந்த பழைய போன்களை இபேயில் ஆயிரக்கணக்கான டாலர் விலை சொல்லி ஏலத்துக்கு வைத்தார்கள் என்பது உபரிக் கூத்து. 2024-ல் வேறு யாரோ அந்தப் பெயருக்கு உரிமை வாங்கி மறுபடி கொண்டுவருவதாக விளம்பரம் செய்தபோது, வருஷக்கணக்காக மௌனமாக இருந்தவர் வாய் திறந்தார். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நான் எதையும் விற்கவில்லை என்று.

நாளைக்கு 50,000 டாலரை வேண்டாம் என்று சொல்ல எல்லோராலும் ஆகாது. என்னால் நிச்சயம் ஆகாது. ஆனால் 22 மணி நேரம் முன்னால் சொன்னாரே, அதை எல்லோரும் செய்யலாம். விற்பவரும் செய்யலாம். செயலியைத் திறந்ததும் இரண்டு வரி: 'இந்தத் தேதியோடு நான் விலகுகிறேன், இனி வேறு ஆள். இருப்பதும் போவதும் உங்கள் இஷ்டம்.' கட்டற்ற செயலி கொடுத்தவர்களிடம் நான் வைக்கும் ஒரே புகார் இதுதான். நம் பக்கத்தில் புகார் நிறைய. வருஷக்கணக்காக ஓசியில் போட்டோ பார்த்துவிட்டு, அவர் விற்ற அன்றைக்குத்தான் அவர் பெயர் என்னவென்று தேடியிருக்கிறோம். நன்கொடை பட்டன் சில செயலிகளில் இருக்கிறது, செட்டிங்ஸின் அடியில். நான் ஒருமுறைகூட அமுக்கியதில்லை. இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு தோசை விலையை அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி தன் போனோடு வந்தாள். ஏதோ குறிப்பேடு செயலி, மளிகைக் கணக்கு எழுத மூன்று நாலு வருஷமாக வைத்திருக்கிறாள்.

"என்னங்க, அப்டேட் பண்ணவான்னு கேக்குது. பண்ணட்டுமா?"

"யார் போட்டதுன்னு பாரு."

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பேரு அதேதான் இருக்கு. படமும் அதேதான்."