பழத்தோட்டத்துப் பன்றி

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் ஆப்பிள் மரமும் கறவை மாடும் வைத்திருந்த சிறு விவசாயிகள் உருவாக்கிய பன்றி இனம் ‘ஓல்ட் ஸ்பாட்ஸ்’. வெள்ளை உடம்பில் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள் இருக்கும். மரத்திலிருந்து ஆப்பிள் விழுந்து கன்றிய அடையாளம் அது என்பார்கள் ஊர்க்காரர்கள்.

எனக்குப் பிடித்தது அதன் காது. முறம்போல் அகன்று, கண்ணை மறைத்து, மூக்கை நோக்கித் தொங்கும். முன்னால் இருப்பது சரியாகத் தெரியாததால் வாசனையை நம்பியே நடக்கும். புல்லுக்குள் உதிர்ந்து கிடக்கும் பழத்தை மூக்கால் உருட்டி எடுத்து, சாறு வழிய மெல்லும். பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரையும் ஊற்றுவார்கள். வீணாகப் போவதெல்லாம் தீனி. பரம சாது, தாய்ப்பன்றி குட்டிகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்.

1913-லேயே இதற்கென்று சங்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பெரும்பண்ணைகள் கொழுப்பு குறைந்த, கொட்டகைக்குள் வளரும் இனங்களையே கேட்டன, இது அருகிப்போனது. 1973-ல் தொடங்கிய அரிய இனப் பாதுகாப்பு அறக்கட்டளை கைகொடுத்தது. ஆனாலும் இனத்தைத் தாங்கியவர்கள் நாலைந்து பன்றியோடு ஆடு, கோழியும் வளர்க்கும் சிறு பண்ணைக்காரர்கள்தான் என்பேன். கறி வாங்க ஆள் இருந்தால்தான் அவர்களுக்கும் கட்டுப்படியாகும், அடுத்த ஈற்றுக்கு ஆண்பன்றியை வைத்திருப்பார்கள்.